நாடாப் பொருத்தம்

சிகரெட் நுனியில் வெண்கலப் பட்டை தீட்டும் தொழிலில் தேர்ந்திருந்த ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர், அதே உபாயத்தால் காகித நாடாவின் மீது இரும்புத் தூளைப் பூசி அதில் ஒலியைப் பதிக்கலாம் என்று கண்டு, 1928-இல் ஜெர்மனியில் அதற்குக் காப்புரிமை கோரினார். பின்னர் அந்த யோசனையை ஏற்று நடத்தியவர்கள் வேலையை இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்: யந்திரத்தை பெர்லினில் ஏ.இ.ஜி. கம்பெனியும், நாடாவை லுட்விக்ஸ்ஹாஃபனில் பி.ஏ.எஸ்.எஃப். ரசாயன ஆலையும் செய்வதென்று முடிவாயிற்று. யந்திரம் ஒரு வீட்டிலும் நாடா வேறொரு வீட்டிலும் பிறந்தபடியால், இரண்டுக்கும் பொருத்தம் பார்க்கும் புரோகிதர் ஒருவர் ஆதிமுதலே அவசியமாயினார் என்பது என் அபிப்பிராயம். ஒலிப்பதிவாளரின் சாஸ்திரத்தில் பெரும்பகுதி இந்தப் பொருத்தமே.

1935-இல் பெர்லின் வானொலிப் பொருட்காட்சியில் மாக்னெட்டோஃபோன் யந்திரம் அரங்கேறியது. மறு வருஷம் தாமஸ் பீச்சமும் அவருடைய லண்டன் வாத்தியக் குழுவும் லுட்விக்ஸ்ஹாஃபனில் வாசித்ததும் நாடாவில் பதிவாயிற்று. ஆனால் இசையோடு கூடவே இரைச்சலும் பதிந்தது. காந்தத் துகளுக்கு ஒரு சோம்பல் உண்டு. மெல்லிய ஒலிக்கு அது அசைந்து கொடுப்பதில்லை. செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண் கொண்ட மின்னோட்டத்தை ஒலியோடு கலந்து செலுத்தினால் அந்தச் சோம்பல் தெளிந்துவிடுகிறது. 'பயஸ்' என்னும் இந்த உபாயத்தை முன்பே வேறு சிலரும் கண்டிருந்தார்களாயினும், 1940-இல் வால்டர் வேபரும் ஃபான் பிரவுன்முயலும் ஜெர்மன் வானொலியில் அதை நாடாவுக்குப் பிரயோகித்த பிறகுதான் நாடாவின் குரல் தெளிந்தது.

யுத்தம் முடிந்த 1945-இல் அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த ஜாக் மல்லின் இரண்டு மாக்னெட்டோஃபோன் யந்திரங்களையும் 50 சுருள் நாடாவையும் தம் நாட்டுக்கு அனுப்பிக்கொண்டார். பாடகர் பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சி 1947-இல் அந்த நாடாக்களைக் கொண்டே பதிவாயிற்று. துண்டு துண்டாக வெட்டியும் ஒட்டியும் அந்த ஐம்பது சுருளைப் பத்திரமாகக் காத்தார்கள் என்றால், நாடா அன்று யந்திரத்தைவிட எவ்வளவு அருமையாயிருந்தது என்பது விளங்கும். 1948-இல் ஆம்பெக்ஸ் யந்திரமும் 3எம் கம்பெனியின் ஸ்காட்ச் 111 நாடாவும் வந்து சேர்ந்தன. அமெரிக்காவிலும் மறுபடி இரண்டு வீடு.

1957-இல் கித்தார் வித்வான் லெஸ் பால், ஒரே நாடாவில் எட்டு ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் பதியும் எட்டுத் தட யந்திரம் ஒன்றைப் பெற்றார். 1970-களில் இரண்டு அங்குல நாடாவில் 24 தடம் என்பது வழக்கமாயிற்று. தடம் பெருகப் பெருகப் பொருத்தம் பார்க்கும் பிரயாசையும் பெருகிற்று: ஒரு தடத்துக்கு ஐந்து திருகு என்றாலும் மொத்தம் 120 திருகு அல்லவா? நாடா உரசிச் செல்லும் யந்திரத்தின் காந்தத் தலைகளைச் சாராயத்தால் துடைத்து, அவற்றில் தங்கிய காந்தத்தையும் நீக்கிய பின், பிரமாண நாடா ஒன்றை ஓட்டி முதலில் கேட்கும் பக்கத்தைத்தான் திருத்துவார்கள். அதை விட்டுப் பதியும் பக்கத்தில் கை வைத்தால், கோணல் கண்ணாடியில் பார்த்துப் பொட்டு இட்ட கதையாகும். பிறகு வெறும் நாடாவை ஏற்றி, 10,000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிந்துகொண்டே பயஸை மெல்ல உயர்த்துவார்கள். அளவுமானியின் முள் ஏறி, உச்சியைத் தொட்டு, இறங்கத் தொடங்கும். உச்சியிலேயே நின்றுவிடுவது நியாயமென்று தோன்றும். ஆனால் அதைக் கடந்து முள் சற்று இறங்கும்வரை, வினாடிக்கு 15 அங்குல வேகத்தில் பல நாடாக்களுக்கு ஏறத்தாழ 3 டெசிபெல் இறங்கும்வரை, திருகிச் செல்வதே சம்பிரதாயம். அங்கேதான் ஒலி அதிகம் கெடாமல் பதிகிறது. எவ்வளவு இறங்க வேண்டும் என்பது நாடாவுக்கு நாடா வேறுபடும். ஆகவே நாடாவை மாற்றுகிறவர் இந்த விரதத்தை அடியிலிருந்து தொடங்கவேண்டும்.

எந்த நாடாவைத் தேர்வது என்பதிலும் சூக்ஷ்மம் உண்டு. மீட்டருக்கு 185 நானோவெபர் என்பது ஆம்பெக்ஸின் பழைய காந்த அளவு. அதே கம்பெனியின் 456 நாடா வந்தபோது அதைவிட 6 டெசிபெல் உயர்த்தி, அதாவது 370 வரை, பலர் துணிந்து பதிந்தார்கள். இரைச்சல் அடியில் அமுங்கிற்று. ஆனால் மிகுதியாகக் காந்தமேற்றிய நாடா, சுருளில் அடுத்த சுற்றின் மேல் தன் சாயலைப் பதித்துவிடும்; பாட்டு தொடங்குமுன்பே அதன் நிழல் மெல்லக் கேட்கும்.

456-ஐப் போன்ற நாடாக்களின் தோஷம் வருஷங்கள் கழித்தே வெளிப்பட்டது. துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, ஓட்டும்போது தலைகளில் அப்பிக்கொண்டது. ஆம்பெக்ஸின் நாடாத் தொழிலைப் பின்னர் ஏற்று நடத்திய குவாண்டெஜி, அலபாமா மாகாணத்து ஓபலைக்கா ஆலையை 2005 ஜனவரியில் திடீரென மூடியபோது, எஞ்சிய சுருள்களை வாங்கி அடுக்கிவைக்க ஒலிப்பதிவுக் கூடங்கள் முண்டியடித்தன.

பிசுபிசுத்த பழைய சுருளை ஏறத்தாழ 54 டிகிரி செல்ஷியஸ் உஷ்ணத்தில் எட்டு மணி நேரம் போலக் காயவைத்தால், சில வாரங்களுக்கு அது ஓடும். ஓட்டினால் பெரும்பாலும் முதலில் வருவது பாட்டல்ல: அன்றைய பதிவாளர், தம் யந்திரம் எந்த நிலையில் இருந்தது என்பதைப் பின்னால் வருகிறவர் அறியும்பொருட்டு, சுருளின் தலைப்பில் பதிந்துவைத்த 1,000, 10,000, 100 ஹெர்ட்ஸ் ஒலிகள். அவற்றுக்கு ஏற்ப இன்றைய யந்திரத்தின் திருகுகளைத் திருத்திக்கொண்ட பிறகே பாட்டைக் கேட்கிறார்கள்.