ஆமை தொடங்கி வைத்த பயணம்

கல்விக்கென ஒரு கருவி தோன்றும்பொழுது அதன் ஆற்றலையே நாம் நோக்குகிறோம். அது யாருடைய உடைமை என்று வினவுவதில்லை. ஆயினும், ஆசிரியர் அரிதின் முயன்று உருவாக்கிய பாடம் நிலைப்பதும் மறைவதும் பெரிதும் அவ்வினாவைப் பொறுத்தனவே. கணினிக் கல்வியின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் முதலியோர் சிறுவர்க்கென 'லோகோ' என்னும் நிரல்மொழியைப் படைத்தனர். குழந்தை தன் அறிவைத் தானே கட்டி எழுப்புகிறது என்பது, ஜெனீவாவில் பியாஜேயுடன் பணியாற்றிய பேப்பர்ட்டின் துணிபு. 'முன்னே செல், வலப்புறம் திரும்பு' என்று கட்டளையிட, ஆமை ஊர்ந்து கோடு வரைந்தது. எனினும், கட்டளைகளைத் தட்டச்சிட வேண்டியிருந்தமையால் ஓர் எழுத்துப் பிழையும் சிறுவருக்குத் தடையாயிற்று.

1987இல் ஆப்பிள் நிறுவனம் 'ஹைப்பர்கார்டு' என்னும் மென்பொருளை வெளியிட்டது. திரையில் தோன்றும் அட்டைகளில் படங்களையும் பொத்தான்களையும் அமைத்து, நிரலாக்கம் பயிலாத ஆசிரியர்களும் பாடங்களை உருவாக்கினர். ஆனால், அதன் மூலநிரல் நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. 2004இல் அதன் விற்பனை நின்றது. புதிய இயங்குதளத்திற்கேற்ப அதனைத் திருத்தியமைக்கப் பிறருக்கு வழியில்லை. ஆசிரியர்தம் உழைப்பும் அதனோடு முடங்கிற்று.

வியப்பு யாதெனின், அதே நிறுவனத்தில் பணியாற்றிய ஆலன் கே குழுவினர் 1996இல் 'ஸ்குவீக்' என்பதனை மூலநிரலோடு வெளியிட்டிருந்தனர். அதன்மீதே எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 'ஸ்கிராட்ச்' கருவியைக் கட்டி, 2007இல் உலகிற்கு அளித்தனர். இதில் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாயின. பொருந்தாத கட்டைகள் ஒன்றோடொன்று இணையா. ஆதலின், எழுத்துப் பிழையால் நேர்ந்த இடர் நீங்கிற்று. பின்னர் அதன் மூலநிரலைக் கொண்டே, புதிய கட்டைகளை மாணவர் தாமே படைக்கும் வசதி கொண்ட வேறொரு கருவியும் பிறந்தது. 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் மலிவான சிறு கணினியில், லினக்ஸ் இயங்குதளத்தோடு ஸ்கிராட்சும் இடம்பெற்றது. 2019இல் ஸ்கிராட்ச் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டபொழுதும், பழைய பதிப்புகளில் மாணவர் செய்தவற்றை அதில் திறக்க முடிந்தது.

மூலநிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது, பேணுவாரும் வேண்டும். ஆனால், பூட்டிய கருவியைப் பேண விரும்புவோர்க்கும் வழியில்லை. எனவே, கணினியில் பாடம் அமைக்க முற்படும் ஆசிரியர், 'இக்கருவி என்ன செய்யும்?' என்று கேட்பதோடு, 'இதனை ஆக்கியோர் கைவிட்டால் என் மாணவரின் படைப்பு என்னாகும்?' என்றும் கேட்டல் வேண்டும்.