விறைப்புக் குறைபாட்டு மாத்திரையின் வரலாறு

விறைப்புக் குறைபாடு என்பது உடலுறவுக்குப் போதுமான அளவு ஆண்குறி விறைப்படையாமல் இருப்பது அல்லது அடைந்த விறைப்பு நிலைக்காமல் போவது ஆகும். இதற்கென அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்ற முதல் வாய்வழி மருந்து சில்டெனாபில். வயாகரா என்ற வணிகப் பெயரில் 1998-இல் இது விற்பனைக்கு வந்தது. ஆனால் இம்மருந்து முதலில் இதய நோய்க்காகவே தேடப்பட்டது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் இதை வாங்கக்கூடாது என்பதற்கான முக்கியக் காரணமும் அந்தத் தொடக்க வரலாற்றிலேயே அடங்கியுள்ளது.

மாத்திரைக்கு முந்தைய காலம்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இக்குறைபாடு மனம் சார்ந்த சிக்கலாகவோ முதுமையின் இயல்பாகவோ கருதப்பட்டது. 1973-இல் பிராண்ட்லி ஸ்காட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரது குழுவினரும் அறுவை மூலம் உள்ளே பொருத்தி, திரவத்தால் நிரப்பக்கூடிய செயற்கைக் கருவியை அறிமுகப்படுத்தினர். 1982-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரொனால்ட் விராக், பப்பாவெரின் என்னும் மருந்தை ஆண்குறியில் ஊசி மூலம் செலுத்தினால் விறைப்பு உண்டாவதை வெளியிட்டார். அடுத்த ஆண்டு லாஸ் வேகஸ் நகரில் நடந்த சிறுநீரக மருத்துவர்கள் மாநாட்டில் பிரித்தானிய உடலியங்கியல் அறிஞர் கைல்ஸ் பிரிண்ட்லி, தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொண்டு வந்து அதன் விளைவை அவையோர் முன் காட்டினார். அவையினர் அதிர்ந்தாலும் ஓர் உண்மை விளங்கியது. இரத்தக் குழாய்களின் மென்தசை தளர்ந்தாலே விறைப்பு ஏற்படும். அதை மருந்தால் நிகழ்த்த முடியும்.

பெயரும் மாறியது. 1992 திசம்பரில் அமெரிக்க தேசிய நல நிறுவனங்கள் கூட்டிய கருத்தொருமிப்பு மாநாடு, இழிவுப் பொருள் தொனிக்கும் ஆண்மையின்மை என்ற சொல்லைக் கைவிட்டு விறைப்புக் குறைபாடு என வழங்கப் பரிந்துரைத்தது.

சாண்ட்விச் ஆய்வகம்

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள சாண்ட்விச் என்னும் சிற்றூரில் பைசர் நிறுவனத்தின் ஆய்வகம் இருந்தது. அங்குள்ள வேதியியலாளர்கள் 1980-களின் நடுப்பகுதியில் உயர் இரத்த அழுத்தத்துக்கும், மார்பு நெரிப்பு எனப்படும் இதயவலிக்கும் மருந்து தேடத் தொடங்கினர். 1989-இல் உருவான சேர்மத்துக்கு யுகே-92,480 என்று குறியீடு இட்டனர். அதுவே பின்னர் சில்டெனாபில் எனப்பட்டது.

1990-களின் தொடக்கத்தில் நடந்த மனிதச் சோதனைகளில் இதயவலிக்கு எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. மருந்து உடலில் விரைவாகக் குறைந்ததால் நாளுக்கு மூன்று முறை கொடுக்க வேண்டியிருந்தது. சில நாட்கள் தொடர்ந்து உட்கொண்ட தன்னார்வலர்கள் தசைவலியைக் கூறினர். அதனுடன் அடிக்கடி விறைப்பு ஏற்படுவதையும் கூறினர். பக்க விளைவாகப் பதிவான இதை ஆய்வாளர்கள் ஒதுக்கிவிடவில்லை. 1990-களின் நடுவில் பிரிஸ்டல் நகரில் சிறிய அளவில் ஆய்வு நடத்தினர். அது பலன் தரவே பெரிய சோதனைகள் தொடர்ந்தன. 1998 மே மாதம் வெளியான ஆய்வறிக்கையின் ஒரு பகுதியில் 329 ஆண்கள் இடம்பெற்றனர். மருந்து உட்கொண்டவர்களின் உடலுறவு முயற்சிகளில் 69 விழுக்காடு வெற்றி பெற்றன. போலி மாத்திரை உட்கொண்டவர்களிடம் இது 22 விழுக்காடு மட்டுமே. அதற்கு முன்பே, 1998 மார்ச் 27 அன்று, அமெரிக்க ஒப்புதல் கிடைத்திருந்தது.

செயல்படும் முறை

பாலுணர்வுத் தூண்டலின்போது நரம்பு முனைகளும் இரத்தக் குழாய்களின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. இது சுழற்சி ஜிஎம்பி என்ற பொருளின் அளவைக் கூட்டுகிறது. அப்பொருள் மென்தசையைத் தளர்த்த, இரத்தம் பெருகி விறைப்பு உண்டாகிறது. பிடிஇ-5 என்னும் நொதி, சுழற்சி ஜிஎம்பியைச் சிதைத்து விறைப்பை முடித்து வைக்கிறது. சில்டெனாபில் இந்த நொதியைத் தடுக்கிறது. ஆகவே இம்மாத்திரை தானாக விறைப்பை உண்டாக்குவதில்லை; தூண்டல் இருக்கும்போது எழும் செயலை நீட்டிக்கிறது. பாலுணர்வு விருப்பத்தையும் இது கூட்டாது.

நைட்ரிக் ஆக்சைடு உடலில் செய்தி கடத்தும் மூலக்கூறாக இயங்குவதைக் கண்டறிந்த ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகியோருக்கு அதே 1998-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நைட்ரேட்டும் ஆபத்தும்

வெடிமருந்தான நைட்ரோகிளிசரின் இதயவலியைத் தணிக்கும் என்பதை 1879-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் வெளியிட்டார். இன்றும் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாக நைட்ரேட் வகை மருந்துகள் வழக்கில் உள்ளன. தமிழ்நாட்டில் பலர் சார்பிட்ரேட் என்று அறிந்தது இவ்வகையே. இவை உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி வேலை செய்கின்றன.

ஒரு மருந்து நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுகிறது. மற்றொன்று அதனால் விளையும் பொருள் சிதையாமல் தடுக்கிறது. இரண்டும் ஒருவர் உடலில் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியக்கூடும். இந்த இடைவினை தொடக்கக் காலச் சோதனைகளிலேயே தெரிந்தது. ஆதலால் நைட்ரேட் உட்கொள்வோருக்கு இம்மாத்திரை முற்றிலும் விலக்கப்பட்டது. நெஞ்சுவலியுடன் மருத்துவமனைக்கு வருபவர் இம்மாத்திரை உட்கொண்டதை மறைத்தால், அங்கு தரப்படும் வழக்கமான முதலுதவியே அவருக்குத் தீங்காகலாம். சில்டெனாபில் உட்கொண்டு 24 மணி நேரமும், தடாலாபில் உட்கொண்டு 48 மணி நேரமும் நைட்ரேட் தவிர்க்கப்படுகிறது.

பிந்தைய வளர்ச்சி

2003-இல் வர்டெனாபிலும் நெடுநேரம் செயல்படும் தடாலாபிலும் அமெரிக்க ஒப்புதல் பெற்றன. 2005-இல் நுரையீரல் தமனி உயர் அழுத்த நோய்க்கும் சில்டெனாபில் ஏற்கப்பட்டது. இரத்தக் குழாய் நோய்க்காகத் தொடங்கிய தேடலுக்கு அவ்வகையில் ஒரு பயன் விளைந்தது.

இந்தியாவில் 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 2005 வரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்கவில்லை. எனவே உள்நாட்டு நிறுவனங்கள் சில்டெனாபிலைத் தம் பெயர்களில் மலிவாகத் தயாரித்தன. சட்டப்படி இது மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்து. எனினும் கூச்சம் காரணமாகப் பலர் மருத்துவரை நாடுவதில்லை. சுவர் விளம்பரங்களில் வரும் லேகியங்களையும் இணையத்தில் விற்கும் மூலிகை மாத்திரைகளையும் தேடுகின்றனர். மூலிகை என விற்கப்பட்ட பல பொருட்களில் சில்டெனாபில் மறைவாகக் கலந்திருந்ததை அமெரிக்க மருந்து நிர்வாகம் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. தான் உட்கொள்வது இன்னதென்று அறியாத இதய நோயாளிக்கு இதுவே பெரும் ஆபத்து.

பிரித்தானியாவில் 2018 முதல் 50 மில்லிகிராம் மாத்திரை சீட்டின்றி மருந்தகங்களில் கிடைக்கிறது. ஆனால் அங்கும் மருந்தாளர் இதய நோய் குறித்தும் பிற மருந்துகள் குறித்தும் கேட்டறிந்த பின்னரே வழங்குகிறார்.

சீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆண்குறியின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவை. எனவே தமனி அடைப்பு முதலில் அங்கே வெளிப்படலாம். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவை இரண்டு நோய்களுக்கும் பொதுக் காரணிகள். விறைப்புக் குறைபாடு சில ஆண்டுகளுக்குப் பின் வரவுள்ள மாரடைப்பின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். மாத்திரையை மட்டும் கடையில் வாங்கிச் செல்பவர், குறை நீங்கியதாக எண்ணி, இதயத்தைச் சோதித்தறியும் வாய்ப்பை இழக்கிறார்.