கட்டுச்சோறும் வழிநடையும்

முடத்தாமக் கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில், பசியோடு நெடுவழி நடந்து கரிகாற் சோழனுடைய அரண்மனையை அடைந்த பொருநன் ஒருவன், தனக்கு அங்கே நடந்த உபசாரத்தை வழியில் எதிர்ப்பட்ட மற்றொரு பொருநனுக்கு எடுத்துரைக்கும் பகுதி, அரசனுடைய கொடைச் சிறப்பைச் சொல்வதற்கென்றே அமைந்ததாயினும், பிரயாணம் செய்தவனுடைய வயிற்றின் நிலையைப் பற்றி நம் மொழியில் கிடைக்கும் மிகப் பழைய வாக்குமூலமாகவும் அதை நான் படிப்பதுண்டு. அறுகம்புல் மேய்ந்த ஆட்டின் வெந்த தொடைக்கறியும், இருப்புச் சலாகையில் கோத்துச் சுட்ட இறைச்சியும், அவை தெவிட்டியபோது பல வடிவான இனிய பண்ணியங்களும், அவற்றுக்கும் பிறகு முல்லை மொட்டுப் போன்ற சோறும் பொரிக்கறியுமாக அரசன் கழுத்துமட்டும் ஊட்டியதில், இரவும் பகலும் ஊன் தின்று பல் மழுங்கி, மூச்சு விடவும் இடமில்லாமல், உணவென்றாலே வெறுப்புத் தட்டிப்போய், ஊருக்குப் போக விடை கொடுக்கும்படி அப்பொருநன் கேட்டுக்கொண்டானாம். உரையாசிரியர்கள் இவ்விடத்தில் கரிகாலனை வியப்பார்கள். எனக்கோ அந்த எளியவனிடம் அனுதாபமே மிகுகிறது. நூறு காதம் நடந்தபோது அவன் தேகத்துக்கு நேராத சங்கடம், நடை நின்று பந்தி தொடங்கிய சில நாட்களுக்குள் நேர்ந்துவிட்டதல்லவா? தமிழ்நாட்டுப் பிரயாண சரித்திரத்தைச் சரீர ஆரோக்கியத்தின் கண் கொண்டு பார்ப்பவர்களுக்கு இந்த முறை திரும்பத் திரும்பத் தென்படும்: வழி உடம்பை இளைக்கவைக்கும், வந்துசேர்ந்த வீடு பெருக்கவைக்கும்.

ரயில் வருவதற்கு முன்னே பிரயாணம் என்பது பெரும்பாலோருக்குக் கால்நடைதான். வண்டி பூட்டிச் சென்ற குடும்பங்களிலும், பெண்டு பிள்ளைகளும் முதியோரும் சாமான்களும் வண்டியில் இருக்க, ஆண்மக்கள் மாட்டுக்கு இரங்கியும், மேட்டுப் பாதைகளில் வேறு வழியின்றியும், பாதி தூரம் நடந்தே வருவார்கள். விடியற்காலம் மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ புறப்பட்டு, வெயில் ஏறும்வரை நடந்து, உச்சிப்பொழுதை ஏதேனும் ஒரு தோப்பிலோ மண்டபத்திலோ கழித்து, மறுபடி சாயங்காலம் எழுந்து இருட்டுமுன் அடுத்த ஊரைச் சேர்வது வழக்கமாகையால், நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் செல்வது சாதாரணமான கணக்கு. வழியோடு தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கற்களும், நீர்மோரும் பானகமும் வார்க்கும் தண்ணீர்ப் பந்தல்களும் இருந்தன. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளையும் அவள் பெயரால் மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே இன்றும் நிற்கும் சத்திரத்தையும் அறியாதவர் அந்தப் பக்கத்தில் இல்லை. இப்படிப்பட்ட வழியில், தண்ணீர்ப் பந்தலில் கிடைத்தது தாகத்துக்கு மட்டும். பசிக்கு வேண்டியதை அவரவர் மூட்டையிலே கொண்டுபோக வேண்டும். அந்த மூட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

கட்டுச்சோறு என்றவுடன் நாவில் நீர் ஊறுகிறதே தவிர, அதற்குள்ளே இருக்கும் சாஸ்திரத்தை நாம் அதிகமாகச் சிந்திப்பதில்லை. புளிக்காய்ச்சலை நல்லெண்ணெயில் சுண்டக் காய்ச்சி, உப்பும் மஞ்சளும் பெருங்காயமும் சேர்த்து, ஈரமில்லாமல் உதிரியாக ஆறவைத்த சோற்றில் கலந்தால், புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து அதை இரண்டு நாள் வரையில் ஊசாமல் காக்கும். தயிர்ச்சாதத்துக்கோ தயிரை மிகுதியாக விடுவதில்லை. சோற்றைக் குழைய வடித்துப் பாலை விட்டுப் பிசைந்து, உறைக்கு மட்டும் ஒரு கரண்டி மோர் தெளித்துக் கட்டிவைப்பார்கள். மூட்டை தோளில் ஆடிக்கொண்டு போகிற நேரத்திலேயே பால் தயிராகி, அவிழ்க்கும்பொழுது புளிக்காமல் பதமாயிருக்கும். இட்டிலிக்கு மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் முன்னும் பின்னும் தடவி இலையில் அடுக்குவது மற்றொரு வழி. நீண்ட தூரம் போகிறவர்கள் அவலும், வறுத்து இடித்த மாவும், கல்லைப்போல் இறுகிய பொருளங்காய் உருண்டையும் எடுத்துக்கொள்வார்கள். அந்த உருண்டையை அவசரமாகத் தின்ன எவராலும் முடியாது. பல்லும் பொறுமையும் இருப்பவர்க்கே அது வசப்படும். மெல்ல மெல்லக் கரையும்போதே பசி அடங்கிவிடும். கூடவே சுக்கும் ஓமமும் ஒரு முடிச்சில் இருக்கும். திருகுமூடி போட்ட பித்தளைக் கூஜாவில் காய்ச்சி ஆறிய நீர் இருக்கும்.

'கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு' என்ற பழமொழி, மூட்டை தீர்ந்துபோவதை ஒரு குறையாகவே பேசுகிறது. தேக நலத்தைக் கருதுகிறவர்களுக்கு அதுவே அதன் பெருங்குணம் என்று தோன்றும். வீட்டிலே பரிமாறுகிறவர்களின் அன்புக்கு அளவு கிடையாது. இலையை மறைத்தாலும் கையின் மேலேயே விழும். மூட்டையிலோ முடிச்சுப் போட்ட கணத்தில் அளவு முடிவாகிவிடுகிறது. இன்று இரண்டு பிடி அதிகம் உண்டவன் நாளைக்கு இரண்டு பிடி குறைத்தாக வேண்டும் என்பதை அவனுக்கு வைத்தியன் சொல்லவேண்டியதில்லை. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் முன் உண்டது அற்றதை அறிந்து அளவோடு உண்ணும்படி வற்புறுத்திய தர்மத்தை, படியாத பாமரனும் வழிநடையில் தானே அனுஷ்டித்துவிடுவான்.

ஆயினும் கட்டுச்சோற்றின் பின்னே ஆரோக்கிய நோக்கம் ஒன்றே இருந்ததாகச் சொன்னால் அது உண்மையாகாது. பிறர் கை பட்டதை உண்ணலாகாது என்ற ஜாதி ஆசாரமே பலரை மூட்டை சுமக்கவைத்தது. உண்ண இடம் கேட்டால் திண்ணையும் மறுக்கப்பட்ட ஜாதியாருக்கோ, மூட்டையை விட்டால் கதி வேறில்லை. ஒரே பழக்கத்துக்கு ஒருபுறம் அகம்பாவமும் மறுபுறம் அவமானமும் காரணமாயிருந்தன.

மூட்டை தீர்ந்த இடத்தில் சத்திரம் தொடங்குகிறது. இராமேசுவரத்துக்குச் செல்லும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய அரசர்கள் வழிநெடுகக் கட்டிய சத்திரங்களில், இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் அமைத்த முக்தாம்பாள் சத்திரம் புகழ்பெற்றது. இச்சத்திரங்களின் தர்மத்தை விளக்கி அவ்வரசர் 1801-ஆம் ஆண்டில் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. பிராமணர் முதல் பறையர் ஈறாக வரும் வழிப்போக்கர் அனைவருக்கும் சோறு உண்டு என்றும், சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் சம்பாரங்களும் அளக்கப்படும் என்றும், நள்ளிரவில் மணியடித்து இன்னும் உண்ணாதவர் இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள் என்றும் அதிலே காண்கிறோம். என் கவனத்தைக் கவர்ந்தது வேறொரு செய்தி. நோயுற்று வந்தவர்களுக்கு வைத்தியர்கள் இருந்து மருந்து கொடுத்ததோடு, அந்நோய்க்குத் தக்க பத்திய உணவையும் தனியே அளித்தார்கள். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தனியாகக் கவனித்தார்கள். தஞ்சையில் தன்வந்தரி மகாலை நிறுவி வைத்திய முறைகளைத் தொகுக்கச் செய்த அரசரிடம் இந்த ஏற்பாடு இயல்பாக எழக்கூடியதே. பிரயாணிக்கு இடவேண்டிய உணவு விருந்தாளிக்கு இடுவதிலிருந்து வேறானது என்ற நுட்பத்தை அச்சத்திரத்தார் அறிந்திருந்தார்கள். கரிகாலன் அரண்மனைச் சமையற்காரர்களுக்கு அது தெரியாது. மேலும், பல சத்திரங்களில் மூன்று நாட்களுக்கு மேல் தங்க இடங்கொடுக்கும் வழக்கமில்லை. ஆகையால் சோற்றில் ருசி கண்டு உட்கார்ந்துவிட நினைத்தவனையும் நான்காம் நாள் பாதை அழைத்துக்கொள்ளும்.

காசி யாத்திரை செய்தவர்களுக்கு இதைவிடக் கடுமையான நியமங்கள் இருந்தன. பகலில் ஒருவேளை போஜனம் என்று விரதம் பூண்டு புறப்பட்டவர் பலர். தீர்த்தத்தை அடைந்த நாளில் உபவாசம் இருக்கவேண்டும் என்பது தர்ம சாஸ்திரங்களின் விதி. வந்து சேர்ந்தவுடன் விருந்து என்ற உலக வழக்கத்துக்கு இது நேர் எதிரானது. கயையில் சிராத்தம் முடித்தவர்கள் ஒரு காயும் ஒரு கனியும் ஓர் இலையும் ஆயுள் முழுவதற்கும் விட்டுவிடும் சம்பிரதாயமும் உண்டு. தமக்குப் பிடிக்காத பாகற்காயையே மிகுந்த வைராக்கியத்தோடு துறந்து வந்த புண்ணியவான்களைப் பற்றிக் குடும்பங்களில் இன்னமும் வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக இருந்த ஏனுகுல வீராசுவாமி 1830-ஆம் ஆண்டு மே மாதம் புறப்பட்டுக் காசிக்குப் போய், 1831 செப்டம்பரில் திரும்பிவரும் வரையில் எழுதிய தெலுங்கு யாத்திரை நூலைப் புரட்டினால், வழியில் தங்கும் ஒவ்வொரு மஜலிலும் தண்ணீர் எப்படி, கடைகள் உண்டா, என்ன சாமான் கிடைக்கும் என்று அவர் குறித்துக்கொண்டே போவதைக் காணலாம். அவர் சென்றது பல்லக்கில். அத்தனை மாதமும் தேகப்பயிற்சி எய்தியவர்கள் பல்லக்கைத் தூக்கிய போயிகளே என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

அக்காலத்தை வெறும் பொற்காலமாக எண்ணிவிடவும் கூடாது. இராமேசுவரப் பாதையில் வாந்திபேதி கண்டு இறந்தவர்கள் எத்தனையோ பேர். காசிக்குப் புறப்படுமுன் சொத்துக்களை எழுதிவைத்து விடைபெற்றுக்கொண்டது அலங்காரத்துக்காக அல்ல. அன்று பிரயாணியின் பயம் தண்ணீரைப் பற்றியது. தொந்தி விழுமே என்ற கவலை தோன்றுவதற்கு ரயில் வரவேண்டியிருந்தது.

இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி தென்னாட்டின் முதல் ரயில் ஓடியபோது, ஐந்தாறு நாள் நடை சில மணி நேர இருக்கையாகச் சுருங்கிற்று. கால் ஓய்ந்தது, ஆனால் வழிக்குச் சோறு கட்டும் கை ஓயவில்லை. அறுபது மைல் நடக்கிறவனுக்கு அளந்த மூட்டையை, அறுபது மைல் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் அதே அளவிலே கட்டிக்கொடுத்தார்கள். பிறகு ஸ்டேஷன்கள் தாமே உணவு விற்கத் தொடங்கின. வெள்ளையர்களுக்கு ஸ்பென்ஸர் கம்பெனியாரின் போஜன அறைகள். இந்தியர்களுக்கு வேறு சிற்றுண்டிச்சாலைகள். அவற்றுள்ளும் பிராமணர்க்குத் தனியிடம். பெரியார் ஈ.வெ.ரா. முதலியோர் நெடுநாள் எதிர்த்த பின்பே 1941-ல் அந்தப் பிரிவினை ஒழிந்தது. நிச்சயமாக அது நல்ல காரியம். மூட்டை கட்டுவதற்கு இருந்த பழைய காரணங்களில் ஒன்றும் அதனோடு தளர்ந்தது. மணப்பாறையில் முறுக்கு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய், திருநெல்வேலியில் அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா என்று ஊர்ப்பெயர்களே தின்பண்டங்களாயின. பசித்தவன் சோறு தேடிய பாதையில், பசியாதவனைப் பலகாரம் தேடிவந்து ஜன்னலோரம் கூவிற்று.

இன்று வியாபாரத்துக்காகவும் உத்தியோகத்துக்காகவும் வாரத்தில் நான்கு நாள் வெளியூரில் கழிக்கிறவர்கள், வண்டியிலும் விமானத்திலும் ஹோட்டலிலுமாக உட்கார்ந்தே நாடு கடக்கிறார்கள். அறை வாடகையோடு சேர்ந்த காலைப் பலகாரம் கொடுத்த காசுக்கு வஞ்சனையில்லாமல் உண்ணத் தூண்டுகிறது. மத்தியானம் காரியாலய விருந்து. இரவு நெடுஞ்சாலை உணவகத்தில் பரோட்டா. இவர்களுக்குத் தினந்தோறும் கரிகாலன் அரண்மனைதான். ஆனால் அதை அடைய நடந்த வழி மட்டும் இல்லை. இவர்களில் விவேகமுள்ள சிலர், ஸ்டேஷனிலிருந்து தங்குமிடம் வரை நடக்கிறார்கள், இரவுக்கு இரண்டு இட்டிலியோடு நிறுத்துகிறார்கள், பையில் அவலோ வேர்க்கடலையோ வைத்துக்கொள்கிறார்கள். வைத்திய நூல் எதையும் படிக்காமல் பாட்டனாருடைய மூட்டைக்கே திரும்பியிருக்கிறார்கள். தை மாதத்தில் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மற்றபடி கட்டுச்சோறு நம்மவர்களிடம் முக்கியமாகத் தங்கியிருப்பது கலியாண வீடுகளில்தான். சம்பந்திகள் விடைபெறும்போது கொடுக்கும் கட்டுச்சாதக் கூடை, மூன்று நாள் வண்டிப் பாதைக்காக ஏற்பட்டது. இப்போது சமையல் ஒப்பந்தக்காரரின் பட்டியலில் அதுவும் ஒரு வரியாக இடம்பெற்று, நான்கு வேளை பந்தியில் உண்டவர்கள், காரிலே ஒன்றரை மணி நேரத்தில் வீடு சேர்வதற்குள் அதையும் பிரித்துப் புளியோதரையைத் தீர்த்துவிடுகிறார்கள்.