தோட்டப் பள்ளியில் ஒரு வாரம்

நம் பாட்டனார் காலத்துத் தோட்டப் பள்ளியில், ஒரு வாரத்தில் பிள்ளைகள் என்னதான் படித்தார்கள்? இன்று அதைப் பார்ப்போம்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிருவாகத்தைப் பள்ளி வைக்கச் சொல்ல 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வழி செய்தது. பள்ளி என்றால் பல தோட்டங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், அவ்வளவுதான். சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். ஒரு மூலையில் சின்னஞ்சிறுசுகள் மணலில் 'அ' எழுதும். மறு மூலையில் பெரியவர்கள் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்வார்கள். இந்த இரைச்சலில் எழுத்துக் கற்றதே பெரிய காரியம்! வாரம் முடிவதற்குள் பெரிய பிள்ளைகள் சிலர் கூலிக்குப் புல் பிடுங்கப் போய்விடுவதும் உண்டு.

வாசிப்புப் புத்தகங்களோ இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவை. பேராக்கில் பிறந்த பிள்ளை காவிரியைப் பற்றிப் படித்தது. தான் குளித்த ஆற்றைப் பாடத்தில் காணவில்லை. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் வந்த பிறகே எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான, நம் நாட்டைச் சார்ந்த பாடத்திட்டம் அமைந்தது. மலாய்மொழியும் கட்டாயப் பாடமாயிற்று.

அதற்கு முன் படித்தவர்களை நாம் குறைவாக எண்ணிவிட வேண்டாம். மூன்றாம் நான்காம் வகுப்போடு நின்ற அவர்கள்தாம் லயத்தில் ஊர்க் கடிதங்களைப் படித்துச் சொன்னார்கள். சம்பள நாளில், தம் பெயருக்கு நேரே எத்தனை நாள் வேலை எழுதியிருக்கிறது என்று பார்த்துக் கேட்கத் தெரிந்தவர்களும் அவர்களே.