கப்பலோட்டியவரைத் தெரியும், கப்பலில் ஏற்றப்பட்டவர்களை?

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் இரவு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். லாரியில் ஏறும் ஒவ்வொரு மூட்டைக்கும் எடை உண்டு, சீட்டு உண்டு, போய்ச் சேரும் கடையின் பெயர் உண்டு. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தை உள்ளடக்கிய மதுரை ஜில்லாவிலிருந்து மனிதர்களும் இப்படித்தான் அனுப்பப்பட்டார்கள். போன இடம் கண்டிச்சீமை. கொண்டுபோனது நீராவிக் கப்பல்.

தூத்துக்குடி, கொழும்பு, கப்பல் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் வ.உ.சி. 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை வாங்கி வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதினார். சிறை சென்றார், செக்கிழுத்தார். அந்தத் தியாகத்தில் நமக்கு எந்த ஐயமும் இல்லை. நாங்கள் கேட்பது வேறு கேள்வி. அந்தக் கடல்வழியில் ஓடிய கப்பல்களுக்குள் யார் இருந்தார்கள்?

முதலில் கப்பலைப் பார்ப்போம். வ.உ.சி. எதிர்த்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி 1856-இல் கல்கத்தா–பர்மா தபால் கொண்டுபோகத் தொடங்கப்பட்டது. 1862-இல் இந்தப் பெயரைப் பெற்றது. நடத்தியவர் வில்லியம் மெக்கின்னன் என்ற ஸ்காட்லாந்து வணிகர். கம்பெனியின் பல கப்பல்கள் ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றங்கரையில் கட்டப்பட்டவை. உடல் இரும்பு, வயிற்றில் நிலக்கரி. நீராவியை இரண்டு முறை பயன்படுத்தும் கூட்டு எஞ்சின் வந்ததும் கரிச்செலவு குறைந்தது, சரக்குக்கு இடம் கூடியது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் வியாபாரம் பெருகியது.

இந்தக் கப்பலுக்குள்ளும் ஒரு ஊரும் சேரியும் இருந்தன. மேலே சில அறைகள், அவற்றில் துரைமார். அடியில் அரிசி, பஞ்சு மூட்டைகள். கொழும்புக்குப் போகும் ஆடுமாடுகளும் உண்டு. எஞ்சின் அறைச் சூட்டில் கரி அள்ளிப் போட்டவர்கள் லஸ்கர்கள் எனப்பட்ட நம் நாட்டு மாலுமிகள். வெள்ளை மாலுமிக்குக் கிடைத்த சம்பளத்தில் ஒரு பகுதிதான் அவர்களுக்குக் கிடைத்தது. மிச்சமிருந்த திறந்த தளத்தில் கூட்டங்கூட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் டெக் பயணிகள். கட்டில் கிடையாது, அறை கிடையாது. ஒரு ஆளுக்குச் செலவு மிகக் குறைவு, ஆட்களோ மிக அதிகம். கம்பெனிக்கு லாபம் அங்கேதான் இருந்தது.

அவர்களில் பெருந்தொகையினர் பறையர், பள்ளர், சக்கிலியர் என்று அதிகாரிகள் எழுதிவைத்த நம் மக்கள். 1876–78 பஞ்சம் யாரை முதலில் தின்றது என்று சொல்லத் தேவையில்லை. நிலம் இல்லாதவரைத்தான். அதே நேரத்தில் இலங்கையில் காப்பிச் செடியில் நோய் விழுந்து தோட்டங்கள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தன. காப்பிக்குப் பருவத்துக்கு மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கக் குடும்பம் குடும்பமாக ஆள் வேண்டும். திருச்சி–மதுரை–தூத்துக்குடி ரயில்பாதை 1875–76-இல் முடிந்தது, அதில் திண்டுக்கல் ஒரு நிலையம். ஒட்டன்சத்திரத்துக்கு ரயில் வந்தது 1928-இல்தான். அதுவரை இந்தப் பக்கத்து மக்கள் திண்டுக்கல் போய் ரயில் ஏற முப்பது கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்.

தூத்துக்குடிக் கடல் ஆழமில்லாதது. கப்பல் கரையிலிருந்து சில மைல் தள்ளி நிற்கும். தோணியில் போய் ஏற வேண்டும். ஓர் இரவுப் பயணம், விடிந்தால் கொழும்பு.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நீராவிக் கப்பலுக்கு முன்பு நம் மக்கள் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து போனார்கள். தண்ணீரில்லாமலும் காலராவிலும் அந்தப் பாதையில் செத்து விழுந்தவர்கள் ஏராளம். கப்பல் அந்தச் சாவைக் குறைத்தது. ஆனால் கடனைக் குறைக்கவில்லை.

1901-இல் தகர டிக்கெட் முறை வந்தது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். அதைக் காட்டினால் ரயிலுக்கும் கப்பலுக்கும் காசு கேட்கமாட்டார்கள். இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனையும் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டுக் கங்காணி வழியாகக் கூலியின் தலையில் கடனாக ஏறும். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து பல பத்தாண்டுகள் கழித்து நடந்தது இது. கடனைத் தீர்த்தால்தான் இன்னொரு தோட்டத்துக்குப் போகலாம் என்ற ‘துண்டு’ முறை 1921 வரை சட்டப்படியே இருந்தது. பெரிய கங்காணிகளில் பெரும்பாலோர் நமக்கு மேல் என்று சொல்லிக்கொண்ட சாதியினர். லயத்திலும் சாதி பார்த்துத்தான் வீடு கொடுத்தார்கள். சாதி கப்பலேறிக் கூடவே போனது.

அதனால் கப்பலை வெறும் கூண்டு என்று முடித்துவிடலாமா? முடியாது. பண்ணையாரின் வயலைவிட்டுத் தப்பிக்க நமக்கிருந்த மிகச் சில வழிகளில் அதுவும் ஒன்று. ரங்கூன் போய்க் கப்பல் வணிகத்தில் செல்வந்தரான பெ.மா. மதுரைப்பிள்ளை நம்மவர். அவருடைய பேத்தி அன்னை மீனாம்பாள் சிவராஜ் பிறந்ததும் ரங்கூனில்தான். அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய ‘ஒரு பைசா தமிழன்’ ஏட்டுக்கு ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாசகர்கள் இருந்தார்கள். கூலிகளைக் கொண்டுபோன கடல்வழிகளிலேயே நம் எழுத்தும் போனது.

வ.உ.சி.யின் கப்பல்களை முறியடிக்க வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைத் தாறுமாறாகக் குறைத்தது நமக்குப் பாடமாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கட்டணப் போட்டியே டெக் பயணிகளுக்காகத்தான் நடந்தது. பாடத்தில் கம்பெனிகளின் பெயர் இருக்கிறது, கப்பல்களின் பெயர் இருக்கிறது. பயணிகள் மட்டும் இல்லை.

1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறந்ததும் கூலிப் போக்குவரத்து அங்கே மாறியது. ஆட்களைச் சோதித்து அனுப்ப மண்டபத்தில் முகாம் வந்தது. 1948-இல் இலங்கை நம் மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. இராமானுஜம் கப்பலில் திரும்பி வந்தவர்களில் பலர், ஒட்டன்சத்திரத்திலிருந்து பார்த்தால் தெரியும் அதே கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாகச் சிக்கினார்கள். மண்டபம் முகாம் பிறகு ஈழ அகதிகளின் முகாமானது.

தோழர்களே, இந்த வரலாற்றை எழுத ஆவணக் காப்பகம் மட்டும் போதாது. அங்கே இருப்பவை பெரும்பாலும் எண்கள். உங்கள் தெருவில் தாயகம் திரும்பியோர் குடும்பம் ஒன்று இருக்கும். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் இருப்பார். தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், ஊரைவிட்டுப் போன காரணம், வந்த கப்பல், வரும்போது கையில் இருந்தது என்ன என்று கேளுங்கள். குடும்ப அட்டை, பாஸ்போர்ட் இருந்தால் அனுமதி கேட்டுப் படம் எடுத்து வையுங்கள். தகர வில்லையில் தோட்டத்தின் அடையாளம் மட்டுமே இருந்தது. அதைக் கட்டியிருந்தவரின் பெயரை நாம்தான் எழுத வேண்டும். அந்தப் பாட்டிகள் இருக்கும்போதே எழுத வேண்டும்.