ஏவுகணை இடைவெளி

கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளின் எண்ணிக்கையில் சோவியத் ஒன்றியம் தங்களை முந்திவிட்டது, இல்லையேல் இன்னும் ஓரிரு ஆண்டில் முந்திவிடும் என்று 1957 முதல் 1961 வரை அமெரிக்காவில் பரவியிருந்த அச்சத்துக்கு 'ஏவுகணை இடைவெளி' என்று பெயர். இடைவெளி ஒன்று இருந்தது உண்மை. ஆனால் அதில் பின்தங்கியிருந்தது சோவியத் தரப்பு. நூற்றுக்கணக்கான ஏவுகணைகள் குறிவைத்து நிற்பதாக அமெரிக்க மக்கள் நம்பிய நாட்களில், சோவியத் படையிடம் இயங்கும் நிலையில் இருந்தவை வட ரஷ்யாவின் பிளெசெட்ஸ்கில் இருந்த நான்கு ஏவுதளங்கள் மட்டுமே. பகை நாட்டைப் பூதாகரமாகக் காட்டுவதால் படைத்துறைக்கும் ஆயுத நிறுவனங்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் என்ன கிடைக்கிறது என்று அறிய விரும்புவோருக்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. அன்றைய ரகசிய மதிப்பீடுகளில் பெரும்பாலானவை இன்று வெளிவந்துவிட்டதால், யார் என்ன சொன்னார்கள், அப்போது யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை வரிசையாக வைத்துப் பார்க்க முடிகிறது.

முன்னோடிகள்

இத்தகைய பீதி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு முறை அரங்கேறியிருக்கிறது. கவென்ட்ரி ஆர்டினன்ஸ் ஒர்க்ஸ் என்ற பீரங்கித் தொழிற்சாலையின் நிர்வாக இயக்குநர் மல்லினர், ஜெர்மனியின் குருப் நிறுவனம் தன் ஆலைகளைப் பெருக்கி வருவதாக 1906 முதல் பிரிட்டிஷ் அரசிடம் சொல்லிவந்தார். 1909இல் அந்தச் செய்தி கடற்படைப் பீதியாக வெடித்தது. நான்கு பெரும் போர்க்கப்பல்கள் போதும் என்று வாதிட்ட அமைச்சர்கள் தோற்று, எட்டுக் கட்டுவதென்று முடிவானது. 1912இல் எண்ணிப் பார்த்தபோது ஜெர்மனியிடம் இருந்தவை, பிரிட்டன் அஞ்சியதில் ஏறத்தாழப் பாதிதான்.

ஏவுகணைப் பீதிக்கு நேரடி ஒத்திகையாக அமைந்தது 1955இன் குண்டுவீச்சு விமானக் கணக்கு. அந்த ஆண்டு ஜூலையில் மாஸ்கோவை அடுத்த துஷினோவில் வான்படை நாள் விழா நடந்தது. பார்வையாளர் மேடைக்கு மேலே பத்து எம்-4 ரகக் குண்டுவீச்சு விமானங்கள் பறந்து சென்றன. கண்ணுக்கு மறைந்ததும் அவை வளைந்து திரும்பி, மேலும் எட்டைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் அதே வழியில் வந்தன. கீழே இருந்து எண்ணிய மேலைநாட்டுப் பார்வையாளர்களின் கணக்கில் விமானங்கள் 28 ஆயின. ஒரு விழாவிலேயே இத்தனை என்றால் ஆலைகளில் எத்தனை இருக்கும் என்று அமெரிக்க விமானப்படை பெருக்கிப் பார்த்தது. சில ஆண்டுகளில் சோவியத்திடம் பல நூறு நெடுந்தூர விமானங்கள் இருக்கும் என்ற முடிவுக்கு அது வந்தது.

1956இல் செனட் துணைக் குழு ஒன்று விமானப்படை பலத்தை விசாரித்தது. அதன் தலைவர் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் சைமிங்டன். அமெரிக்க விமானப்படைத் துறையின் முதல் செயலராக இருந்தவர். நாடு பின்தங்குகிறது என்று விமானப்படை ஜெனரல் கர்ட்டிஸ் லிமே அங்கே சாட்சியம் அளித்தார். அதிபர் ஐசனோவர் கேட்காத சுமார் 90 கோடி டாலரைக் காங்கிரஸ் விமானப்படைக்குக் கூடுதலாக ஒதுக்கியது. அமெரிக்கா கடைசியில் கட்டிய பி-52 விமானங்கள் 744. எம்-4 குடும்பத்து விமானங்களோ அனைத்தும் சேர்த்து நூற்றை ஒட்டியே நின்றன. 1956 ஜூலை 4இல் யூ-2 உளவு விமானம் முதன்முறையாக சோவியத் வானில் பறந்தது. அடுத்தடுத்த பறப்புகளில் எடுத்த படங்கள் இந்தப் பெருக்கல் கணக்கைப் பொய்யாக்கின. ஆனால் யூ-2 என்ற ஒன்று இருப்பதே ரகசியம் என்பதால் படங்களை மக்களிடம் காட்ட வழியில்லை.

ஸ்புட்னிக்குக்குப் பின்

1957 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் ஆர்-7 ஏவுகணையைச் சோதித்து வென்றது. அதே ஆர்-7 அக்டோபர் 4இல் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் ஏற்றியது. அமெரிக்கர்களின் திகைப்பு நியாயமானதே. தலைக்கு மேல் சுற்றும் பொருளை ஏற்றிய ராக்கெட்டால் அணுகுண்டையும் சுமக்க முடியும். எனினும் ஆர்-7 போருக்கு உதவாத ராட்சதன். அதில் ஊற்றும் திரவ ஆக்சிஜன் ஆவியாகிக்கொண்டே இருந்ததால் எரிபொருள் நிரப்பி நாள்கணக்கில் தயாராக வைத்திருக்க இயலாது. அதன் ஏவுதளம் ஒளித்துவைக்க முடியாத அளவு பெரியது. சோவியத் தலைமை அதில் சிலவற்றை மட்டும் நிறுத்திவிட்டு, அடுத்த தலைமுறை ஏவுகணைக்காகக் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பை மறைக்கத்தான் சோவியத் தலைவர் குருஷேவ், தொத்திறைச்சியைப் போல ஏவுகணைகளை ஆலையில் உருட்டித் தள்ளுகிறோம் என்ற பொருள்பட முழங்கினார். தன் பலவீனத்தை மூடிமறைக்க அவர் பேசிய பேச்சு, எதிர்த் தரப்பில் ஆயுதம் கேட்டு நின்றவர்களுக்கே உரமானது.

நாட்டின் பாதுகாப்பை ஆராய ஐசனோவர் அமைத்த கைதர் குழுவின் ரகசிய அறிக்கை 1957 நவம்பரில் அவரிடம் அளிக்கப்பட்டது. 1959க்குள் சோவியத் ஏவுகணைத் தாக்குதலுக்கு அமெரிக்கா இலக்காகும் என்று அது எச்சரித்து, பல நூறு கோடி டாலர் கூடுதல் செலவைப் பரிந்துரைத்தது. அதை எழுதியதில் பெரும்பங்கு பால் நிட்சேவுடையது. குழுத் தலைவர் கைதர் உடல்நலம் குன்றியபோது பொறுப்பேற்ற இருவருமே, மின்கருவி நிறுவனம் நடத்திய ராபர்ட் ஸ்பிரேக், வேதிப்பொருள் நிறுவன நிர்வாகி வில்லியம் ஃபாஸ்டர், தொழில்துறையினர். டிசம்பரிலேயே அறிக்கையின் சாரம் 'வாஷிங்டன் போஸ்ட்' இதழில் கசிந்தது.

1958இல் பத்திரிகையாளர் ஜோசப் ஆல்சப் ஓர் எண்வரிசையை வெளியிட்டார். 1959இல் சோவியத்திடம் 100, அமெரிக்காவிடம் ஒன்றுமில்லை. 1960இல் 500க்கு 30. 1961இல் 1,000க்கு 70. 1963இல் 2,000க்கு 130. அதே ஆண்டு ஆகஸ்டில் செனட்டர் ஜான் கென்னடி ஏவுகணை இடைவெளி பற்றி செனட்டில் விரிவாக முழங்கினார். 1960 அதிபர் தேர்தலில் அது அவருடைய முக்கிய ஆயுதங்களுள் ஒன்றானது.

எண்ணியவர்கள் யார்

இந்த வரலாற்றில் மிகவும் கவனிக்கத்தக்கது, ஒரே சான்றுகளைப் பார்த்த படைகள் வெவ்வேறு எண்ணிக்கை சொன்னதுதான். நெடுந்தூர ஏவுகணைகள் விமானப்படையின் கையில் இருந்தன. அதன் மதிப்பீடு எப்போதும் உச்சத்தில் நின்றது. எதிரியிடம் ஏவுகணை எத்தனை மிகுதியோ அத்தனை மிகுதியாக விமானப்படையின் நிதியே பெருகும், தங்கள் பங்கு சுருங்கும் என்ற நிலையில் இருந்த தரைப்படையும் கடற்படையும் மிகக் குறைவாகவே எண்ணின. 1961 ஜூனில் மத்திய உளவு முகமை 50 முதல் 100 வரை என்றது. விமானப்படை அதற்கும் மேலே போனது. மற்ற இரு படைகளும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே என்று மாற்றுக்கருத்தைப் பதிவு செய்தன. சரியாகச் சொன்னவை அவை இரண்டுமே. இது சிலர் கூடிச் செய்த சதி என்று கொள்ளத் தேவையில்லை. தெளிவான தகவல் இல்லாத இடத்தை ஒவ்வொருவரும் தமக்கு நன்மை தரும் எண்ணால் நிரப்பினார்கள், அதை உளமார நம்பவும் செய்தார்கள். பொய்யைவிட இதுவே ஆபத்தானது என்பேன். பொய் சொல்பவனுக்காவது உண்மை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

விமானப்படைக்குப் பின்னால் பெரும் தொழில்துறை நின்றது. அட்லஸ் ஏவுகணையை ஜெனரல் டைனமிக்ஸின் கான்வேர் பிரிவும், டைட்டனை மார்ட்டின் நிறுவனமும், மினிட்மேனைப் போயிங்கும் தயாரித்தன. ஆயுத ஒப்பந்தம் பெற்ற பெரும் நிறுவனங்களில் ஓய்வுபெற்ற படை அதிகாரிகள் 1,400 பேருக்கு மேல் வேலை பார்ப்பதை 1959இல் பிரதிநிதிகள் அவைத் துணைக் குழு கண்டறிந்தது. அவர்களில் 261 பேர் ஜெனரல், அட்மிரல் தகுதியினர். ஜெனரல் டைனமிக்ஸில் மட்டும் 187 பேர். அந்நிறுவனத்தின் தலைவர் ஃபிராங்க் பேஸ் முன்னாள் தரைப்படைத் துறைச் செயலர். நேற்றுவரை ஆயுதம் வாங்கியவர் இன்று ஆயுதம் விற்றார்.

ஐசனோவர் ஐந்து நட்சத்திர ஜெனரல். படைகள் பணம் கேட்கும் முறையை உள்ளிருந்தே அறிந்தவர். பதவி விலகும் வேளையில், 1961 ஜனவரி 17 அன்று, படைத்துறையும் தொழில்துறையும் இணைந்த வலைப்பின்னலின் முறையற்ற செல்வாக்கைக் குறித்து நாட்டை எச்சரித்தார். மறுநாள் செய்தியாளர்களிடம் அவர் சொன்ன விளக்கம் இன்னும் கூர்மையானது: எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும், விளம்பரம் எதற்காக இருந்தாலும், அதில் டைட்டன் அல்லது அட்லஸ் படம் இருக்கிறது, இந்த நாட்டுக்கு ஏவுகணையைத் தவிர வேறு வேலையே இல்லை என்ற எண்ணம் மனத்துக்குள் நுழைந்துவிடுகிறது என்றார். ஆனால் சான்றுகள் ரகசியமாக இருந்ததால் அவரால் முழு உண்மையைச் சொல்ல முடியவில்லை. யூ-2 விமானம் 1960 மே 1இல் சுட்டு வீழ்த்தப்பட்டதோடு அந்தப் பறப்புகளும் நின்றுபோயின.

கணக்கு கலைந்தது

1960 ஆகஸ்டில் கொரோனா உளவுச் செயற்கைக்கோளின் படச்சுருள் பசிபிக் கடலுக்கு மேலே பாராசூட்டில் இறங்கி வந்தபோது, விமானம் ஒன்று அதைக் காற்றிலேயே கொக்கியில் மாட்டிப் பிடித்தது. யூ-2 நான்காண்டுகளில் எடுத்ததைவிட மிகுதியான சோவியத் நிலப்பரப்பு அந்த ஒரே சுருளில் பதிவாகியிருந்தது. ரயில் பாதைகளை ஒட்டித் தேடினார்கள்; ஏவுகணைக் கூட்டங்கள் எங்குமே இல்லை. தேர்தலில் வென்ற கென்னடியின் புதிய பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்னமாரா 1961 பிப்ரவரி 6 அன்று செய்தியாளர்களிடம் இடைவெளி எதுவும் இல்லை என்று சொல்லிவிட, வெள்ளை மாளிகை பதறி மறுத்தது. செப்டம்பரில் உளவு மதிப்பீடு 10 முதல் 25 வரை என்று இறங்கியது. அக்டோபர் 21இல் துணைச் செயலர் ராஸ்வெல் கில்பாட்ரிக் அமெரிக்க மேலாண்மையை வெளிப்படையாக அறிவித்தார்.

அச்சம் தவறு என்று தெரிந்த பின்பும் அச்சத்தில் கேட்ட ஆயுதங்கள் நின்றுபோகவில்லை. சில நூறு மினிட்மேன் போதும் என்று வெள்ளை மாளிகை ஆலோசகர்கள் சிலர் வாதிட்டனர். விமானப்படை ஆயிரக்கணக்கில் கேட்டது. முடிவு 1,000 என்றானது. டைட்டன்-2 வகையில் 54, நீர்மூழ்கிகளில் 656 போலாரிஸ் ஏவுகணைகள். இந்த வேகத்தைக் கண்டு மாஸ்கோ தன் பங்குக்கு அஞ்சியது. 1962இல் கியூபாவில் ஏவுகணைகளை நிறுத்தக் குருஷேவ் துணிந்ததற்கு, தனக்குப் பாதகமான அந்த உண்மையான இடைவெளியும் ஒரு காரணம். அதில் பின்வாங்கிய பிறகு சோவியத் ஆயுதத் துறையைத் தடுத்து நிறுத்த எவரும் இல்லை. 'உலோகம் தின்பவர்கள்' என்று குருஷேவே கடிந்துகொண்ட அந்தத் தரப்பு, சுமார் 1970க்குள் அமெரிக்க எண்ணிக்கையை எட்டிப் பிடித்தது. கற்பனையான எதிரி ஏவுகணைகள் பத்தாண்டுக்குள் நிஜமான ஏவுகணைகளாயின.

பின்னாளில்

1976இல், உளவு முகமை சோவியத்தைக் குறைத்து மதிப்பிடுகிறது என்ற புகாரை ஆராய வெளியாட்களைக் கொண்ட 'பி அணி' அமைக்கப்பட்டது. தலைவர் ரிச்சர்ட் பைப்ஸ். உறுப்பினர்களில் ஒருவர், 1957 அறிக்கையை எழுதிய அதே பால் நிட்சே. 1984க்குள் சோவியத்திடம் 500 பேக்ஃபயர் குண்டுவீச்சு விமானங்கள் இருக்கும் என்று அது கணித்தது. இருந்தவை அதில் பாதியளவே. சோவியத் ஆயுதக் கொள்முதல் 1976 முதல் ஏறக்குறைய வளரவே இல்லை என்று 1983இல் உளவு முகமை தன் பழைய கணக்கைத் திருத்திக்கொண்டது. 1980இல் சுமார் 13,400 கோடி டாலராக இருந்த அமெரிக்கப் பாதுகாப்புச் செலவு, அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் குறையாமல், 1985இல் சுமார் 25,300 கோடி டாலராக உயர்ந்தது.