இரக்கம் உரிமையான கதை

என் அப்பா கோவை நூற்பாலை ஒன்றில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் தொழிலாளி. அவருக்கு முந்தைய தலைமுறையில் இயந்திரத்தில் கை சிக்கினால், முதலாளி மனமிரங்கிக் கொடுப்பதுதான் கிடைக்கும். 1924 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அதை உரிமையாக்கியது. ஆனாலும் காய்ச்சலில் படுத்தவருக்குக் கூலி இல்லை. தொழிலாளர் உடல்நலக் காப்பீடு பற்றிய பேராசிரியர் பி.பி. அதார்க்கரின் 1944 அறிக்கை அதற்கு வழி சொன்னது, 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) சட்டம் பிறந்தது. 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய திட்டம் 1955இல் கோவைக்கு வந்தது. முதலாளியும் தொழிலாளியும் சந்தா கட்ட, மருத்துவமும் நோய்க்கால உதவித்தொகையும் கிடைத்தன. பஞ்சுத் தூசியால் அப்பா இருமிக் கிடந்த நாட்களில் எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்தப் பணத்தில்தான். இன்று ஒப்பந்தக் கூலிகள் பலரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களையும் சேர்ப்பது அரசின் கடமை. கேட்டுப் பெறுவது நம் கடமை.